இடப்பக்கம் தெரிந்த பாவாடை

கெல்வே எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். முகம் மழித்தான். திரையை விலக்கினான். ஜன்னல் இடுக்கில் மடித்துச் செருகியிருந்த காகிதத்தைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் மனைவி லிடியாவின் வீட்டுச் செருப்பு இருந்தது. அதை எடுத்து நாற்காலிமேல் வைத்துவிட்டு அறையைக் கூட்டினான். கூட்டி முடித்ததும் பழைய இடத்திலேயே திருப்பி வைத்தான். நின்றபடி ரொட்டி தின்றான். துக்கத்துக்காகத் தொப்பியைச் சுற்றியிருந்த கறுப்புத் துணியில் தூசி தட்டினான்.

போன வருடம் இலையுதிர் காலத்திலிருந்து தினமும் இதேதான்.

கதவு திறந்தது. டிப்பெட் கதவைத் தட்டும் பழக்கம் இல்லாதவன். கெல்வேயிடம் உதவியாளாகச் சேரும் முன் தபால் வண்டிக் குதிரைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். தான் ஒருபோதும் குதிரை திருடியதில்லை என்று யாரும் கேட்காமலே சொல்வான்.

"சார், ரயிலுக்கு நேரமாச்சு. நீங்க தின்னுறதைப் பாத்தா எனக்கு ரொட்டி மேலதான் பாவமா இருக்கு."

"டிக்கெட்?"

"வாங்கியாச்சு. மூணாம் வகுப்பு. நம்ம வருமானத்துக்கு ஒரு படி மேல."

இங்கிலாந்தின் லிங்கன் நகரிலிருந்து ஹார்ன்காசில் வரை வண்டி கிழடு மாதிரி நின்று நின்று போனது. கெல்வே ஜன்னலோரம் உட்கார்ந்து, போன வாரம் தன் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த ரேச்சல் ஸ்பர்லிங்கை நினைத்துக்கொண்டான்.

ரேச்சல் ஹார்ன்காசிலில் தொப்பிக்கடை வைத்திருப்பவள். அவள் தங்கை டார்கஸ், குதிரை வியாபாரி ஜேபெஸ் ஹாலமின் மனைவி. மார்ச் மாதத்தில் ஒரு நாள் விடியும் முன் டார்கஸ் ஒரு செம்மண் நிறப் பெண் குதிரைமேல் ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டாள். சுங்கச்சாவடியில் பார்த்திருக்கிறார்கள். அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. தேவாலயச் சபையில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

ரேச்சல் அழவில்லை. கையுறையைக் கழற்றாமல் பேசினாள்.

"செத்துட்டாள்னு சொல்லுங்க, தாங்கிக்குவேன். ஓடிட்டாள்னு சொன்னாலும் தாங்கிக்குவேன். ரெண்டுல எதுன்னு தெரியணும். அவ பொண்ணு பெஸ்ஸுக்கு ஆறு வயசு. 'பெரியம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன், அம்மா ஏன் என்னை விட்டுட்டுப் போனாங்க'ன்னு தினமும் கேக்குது. அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

டிப்பெட் எதிரே உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஹாலமைப் பத்தி விசாரிச்சியா?" என்றான் கெல்வே.

"விசாரிக்கவே வேணாம் சார். இந்தப் பக்கத்துல குதிரைச் சாணம் மிதிச்ச எவனுக்கும் அவனைத் தெரியும். சின்னப் பையனா அயர்லாந்துக் குதிரைகளை ஓட்டிக்கிட்டு சந்தை சந்தையாத் திரிஞ்சவன். கிழட்டுக் குதிரை பல்லை அராவி இளசாக்குறது, நரைக்குச் சாயம் பூசுறது, நொண்டுற குதிரைக்கு மத்தக் காலையும் வலிக்க வச்சு நேரா நடக்க விடுறது, எல்லாம் அத்துப்படி. அவன்கிட்ட குதிரை வாங்கினவன் வீட்டுக்குப் போறதுக்குள்ள மழை வராம இருந்தா அதிர்ஷ்டம்."

"இப்போ?"

"கல்யாணம் ஆச்சு, ஆள் மாறிட்டான். பொம்பளைங்க ஏறுற குதிரைங்கதான் பழக்குறான். அதுல ஒரு பொய் கிடையாது. 'சாது'ன்னு ஹாலம் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு மகளை ஏத்தலாம்னு பேரு."

"திடீர்னு ஞானோதயமா?"

"பொண்டாட்டி போட்ட சட்டம். டார்கஸ் சின்ன வயசுல ஒரு குதிரை தூக்கி எறிஞ்சு இடுப்பு முறிஞ்சவ. சாதுன்னு சொல்லி அவ அப்பன் தலையில எவனோ கட்டின குதிரை. அதனால மத்த எதுல வேணா பொய் சொல்லிக்கோ, பொம்பளைக் குதிரையில மட்டும் கூடாதுன்னுட்டா." டிப்பெட் ஆப்பிள் விதையை ஜன்னலுக்கு வெளியே துப்பினான். "நல்ல பொம்பளை. எனக்கு வாய்ச்சவ, நான் சொன்ன உண்மையைக்கூட நம்பினதில்ல."

*

ஸ்டேஷனில் ஒரே ஒரு பார வண்டிதான் நின்றது. அதே மாவட்டத்து பாஸ்டன் பக்கத்து ஆள். பீப்பாய்கள் இறக்க வந்தவன், திரும்பும் வழியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். குட்டையான, கனத்த, பழுப்புக் குதிரை.

"ஹாலம் லாயம் எங்க இருக்கு சார்? எனக்கு இந்த ஊர் புதுசு," என்றான் வண்டிக்காரன்.

கெல்வேக்கும் தெரியாது. யாரையாவது கேட்கலாம் என்று எட்டிப் பார்ப்பதற்குள் குதிரை நடக்கத் தொடங்கியிருந்தது. பாலம் தாண்டி இரண்டாவது சந்தில் திரும்பியது. கொல்லன் பட்டறையைக் கடந்தது. பச்சைக் கதவு ஒன்றின் முன் நின்று தாழ்ப்பாளை மூக்கால் இடித்தது. கதவுக்கு மேல் பலகை: ஜே. ஹாலம், சீமாட்டிகளுக்கான குதிரைகள்.

"வண்டிக்காரரே," என்றான் டிப்பெட், "அடுத்த தடவை குதிரையை மேல உக்கார வச்சு நீங்க இழுங்க. அதுக்குத்தான் வழி தெரியுது."

"அட, இது என்ன கூத்து! பாஸ்டன் சந்தையில வாங்கினது சார். இந்தப் பக்கமே நான் வந்ததில்ல."

கெல்வே இறங்கினான். வண்டிக்காரனைச் சற்று நேரம் காத்திருக்கச் சொன்னான்.

உள்ளே முற்றத்தில் ஒரு சாம்பல் குதிரை வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் பெண்கள் சேணம். சேணத்தில் இரண்டு காலையும் இடப்பக்கமே தொங்கவிட்டு, இடுப்பில் குதிரைக் கம்பளியைப் பாவாடை மாதிரி சுற்றிக்கொண்டு, மார்பு வரை தாடி வளர்த்த லாயக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

டிப்பெட் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். "காலை வணக்கம் அம்மணி. தாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"போடா, எருமை!" என்றார் அம்மணி.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் ஆமோஸ், கம்பளியை நல்லா ஆட விடு," என்றபடி ஜேபெஸ் ஹாலம் லாயத்திலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். கால்கள் வளைந்திருந்தன. கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாதவர்களுக்கு வரும் கருமை. கெல்வே அதைத் தன் கண்ணாடியில் தினமும் பார்ப்பவன்.

"பாவாடை விலாவுல படபடன்னு அடிக்கும்யா. பழகாத குதிரை மிரளும். அதுக்காக நாங்களே இப்படி ஏறிப் பழக்குவோம். தொழில் தொடங்கின நாள்லேர்ந்து நானும் ஏறியிருக்கேன். தூரத்துலேர்ந்து பாத்தா என்னையும் சீமாட்டின்னுதான் நினைப்பாங்க." சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. "ரேச்சல் அக்கா அனுப்பின ஆளா?"

"ஆமா."

"கேளுங்க."

"அன்னிக்குக் காலையில?"

"ஆமோஸ் லிங்கன் சந்தைக்குப் போயிருந்தான். நானும் அவளும் குழந்தையும்தான். எந்திரிச்சுப் பாத்தா அவ இல்ல. குதிரையும் இல்ல, அவ சேணமும் இல்ல. தேடிக்கிட்டு வயல் வழியா நடந்தேன். கிடைக்கல."

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

அவர் உடனே சொன்னார். "முந்தின ராத்திரி. 'இந்தச் சாண நாத்தத்துல இனிமே என்னால குடும்பம் நடத்த முடியாது'ன்னா. அதான்."

பல முறை சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். கெல்வே தலையை ஆட்டினான். அதேசமயம் வாசலில் ஒரு குழந்தை கத்தியது.

"கேப்டன்! அப்பா, கேப்டன் வந்திருச்சு!"

வண்டிக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். குதிரை குனிந்து அவள் பாக்கெட்டை மோந்தது. அவள் அதிலிருந்து ஒரு காரட் துண்டை எடுத்தாள்.

"பெஸ்! வா இங்க. அது கேப்டன் இல்ல. கேப்டன் செத்துப்போச்சு."

"நெத்தியில நட்சத்திரம்தான் இல்லப்பா. ஆனா கேப்டன்தான்."

"செத்துப்போச்சுன்னு சொல்றேன்ல!"

 ஹாலம் கெல்வேயின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. "எங்க பழைய குதிரை. அவ போன அன்னிக்கே அதுவும் போச்சு. தோட்டத்துல ஆப்பிள் மரத்தடியில புதைச்சு வச்சிருக்கேன். குழந்தை இன்னும் ஒத்துக்கல." அவர் உள்ளே போய்விட்டார். நடை சற்று வேகமாக இருந்தது.

கெல்வே பெஸ்ஸின் பக்கத்தில் குந்தினான். டிப்பெட் குதிரையின் முன்னால் நின்று அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா?"

"ம்ஹூம். நான் கூட ஓடுவேன். அம்மா மெதுவாப் போவாங்க, நான் அம்மா பூட்ஸைப் பிடிச்சுக்கிட்டே பாலம் வரைக்கும் ஓடுவேன். இதோ, இப்படி." அவள் குதிரையைச் சுற்றி அதன் வலப்பக்கம் போய், இல்லாத ஒரு பூட்ஸைப் பிடித்துக்காட்டினாள்.

"அந்தப் பக்கமா? ஆமோஸ் மாமா கால் இந்தப் பக்கம்ல தொங்குது?"

"எல்லாருக்கும் அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு மட்டும் இந்தப் பக்கம். அந்தப் பக்கமா உக்காந்தா இடுப்பு வலிக்கும். அதனால அப்பா தனியாச் சேணம் செஞ்சு தந்தாங்க. ஊர்லயே அம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு." பெருமையாகச் சொன்னாள். பிறகு, "அம்மா பூட்ஸ்ல மண்ணு இருந்துச்சு. அன்னிக்கு நான் துடைக்க மறந்துட்டேன். அதுக்குத்தான் கோவமா?" என்றாள்.

 "பூட்ஸுக்காக யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நான் பூட்ஸ் துடைச்சே ஒரு மாசம் ஆச்சு, பாரு," என்று காலை நீட்டினான். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

*

சுங்கச்சாவடி ஊரின் எல்லையில், வெளியே போகிறவர்களுக்கு இடப்பக்கத்தில் இருந்தது. சின்ன வீடு. சாலையை ஒட்டி ஒரு ஜன்னல். சாவடியைப் பார்த்துக்கொள்ளும் ஹெஸ்டர் கப்பிட் அம்மா ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி பேசினாள்.

"பாத்தேனாவா? இந்தக் கண்ணாலதான் பாத்தேன். ஓடுகாலி! தங்கமான புருஷன், கிளி மாதிரிப் பொண்ணு. எங்கிருந்துதான் மனசு வந்துச்சோ."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"முகத்திரை போட்டிருந்தா. இன்னும் வெளிச்சம் வரல. ஆனா ஹாலம் வீட்டுச் செம்மண் குதிரையை எனக்குத் தெரியாதா? அது மேல வேற எந்தப் பொம்பளை வருவா?"

"பேசினாங்களா?"

"அவ எதுக்குப் பேசுறா! அரைத் தூக்கத்துல எந்திரிச்சுக் கையை நீட்டினேன். காசை வச்சா, போயிட்டா. போற போக்குல பாவாடை பட்டு என் பூந்தொட்டி விழுந்து உடைஞ்சுது. 'அய்யோ, மன்னிச்சுக்கோ ஹெஸ்டர்'னு ஒரு வார்த்தை வரணுமே? அவ்வளவு அவசரம்."

கெல்வே ஜன்னல் கட்டையைப் பார்த்தான். ஒரு பூந்தொட்டி மட்டும் இருந்தது. இரண்டாவது இருந்த இடத்தில் வட்டமாகக் கறை.

"எந்த மாதிரிப் பாவாடை?"

"கரடுமுரடா, கனமா. கையில உரசிச்சு. சவாரிக்குப் போடுறவ பட்டா உடுத்துவா?"

"டிப்பெட்," என்றான் கெல்வே, "அந்த வேலிமேல ஏறி உக்காரு. குதிரைன்னு நினைச்சுக்கோ."

"சார், என் மானத்தை..."

"ஊருக்கு வெளியே போற பக்கம் முகத்தை வச்சுக்கோ. ரெண்டு காலையும் வலப்பக்கம் போடு."

டிப்பெட் ஏறினான். "பொண்ணு பாக்க வந்திருக்காங்களா அம்மா? காப்பி கொண்டு வரவா?"

"நீங்க ஜன்னல்லேர்ந்து பாருங்க அம்மா. இவனோட எது தெரியுது?"

"முதுகு தெரியுது. உக்காந்திருக்கிற இடம் தெரியுது. நல்லாவே இல்ல."

"கால்? பாவாடை?"

"அது எப்படித் தெரியும்? அந்தப் பக்கம்ல இருக்கு." ஹெஸ்டர் அம்மா எரிச்சலாகச் சொன்னாள். "இந்த விளையாட்டெல்லாம் எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. பூந்தொட்டிக்கு நன்றி."

திரும்பி நடக்கும்போது டிப்பெட் பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டுவது போலக் கால்சட்டையைத் தட்டினான். கெல்வே எதிர்பார்த்த கிண்டல் வரவில்லை.

"அந்தச் சேணத்துல டார்கஸ் உக்காந்து போயிருந்தா இந்த ஜன்னலுக்குக் குதிரையோட வெறும் விலாதான் தெரிஞ்சிருக்கும்," என்றான் கெல்வே. "பூந்தொட்டி உடைஞ்சிருக்காது. அன்னிக்குப் போனவங்க காலு இடப்பக்கம் தொங்குச்சு. மத்த எல்லாரும் உக்காருற பக்கம். வருஷக்கணக்காக் கம்பளியைக் கட்டிக்கிட்டு உக்காந்து பழகின பக்கம்."

"சார்."

"சொல்லு."

டிப்பெட் தன் கட்டை விரலைக் காட்டினான். பழுப்பு நிறம் ஏறியிருந்தது. "வண்டிக் குதிரை நெத்தியில எச்சியைத் தொட்டுத் தேய்ச்சேன். மேலதான் பழுப்பு. வேர்ல வெள்ளை முடி வந்துட்டிருக்கு. பழைய ஹாலம் கைவேலை. அந்தப் பொண்ணு சொன்னது நிஜம். செத்துப்போன குதிரைதான் நம்மை ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்துச்சு."

கெல்வே நின்றான்.

"எனக்கு முதல்லயே உறுத்துச்சு சார். எந்த வியாபாரி குதிரையைப் புதைப்பான்? தோலு செருப்புக்காரனுக்கு, குளம்பு பசை காய்ச்சுறவனுக்கு, வாலு சோபா தைக்கிறவனுக்கு, மிச்சம் பூனைக்குப் போடுற கறிக்கு. சொந்தக் குதிரைக்காக அழுவாங்க, அழுதுக்கிட்டே வித்துருவாங்க. மண்ணுக்குள்ள வைக்க மாட்டாங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட பேசிட்டிருந்தீங்க. சிரிச்சீங்க. ரொம்ப நாள் ஆச்சேன்னு விட்டுட்டேன்."

இருவரும் லாயத்தை நோக்கி நடந்தார்கள். தெருவோரம் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக அடித்தது.

"அப்போ, சார், அந்த மரத்தடியில..."

"ஆமா. நீ ரேச்சல் கடைக்குப் போ. கையோட கூட்டிட்டு வா."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்ல?"

"டார்கஸ் பெஸ்ஸை விட்டுட்டுப் போகலைன்னு சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

*

முற்றத்தில் ஆமோஸும் பெஸ்ஸும் இல்லை. வண்டிக்காரன் வாசலில் ஒரு குவளை பீரோடு உட்கார்ந்திருந்தான். ஹாலம்தான் கொடுத்தனுப்பினாராம். குதிரை வண்டியில் இல்லை.

தோட்டத்தில் ஆப்பிள் மரத்தருகே ஹாலம் அதைக் கட்டியிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு வாளி வெந்நீரில் சோப்பைக் கரைத்து அதன் நெற்றியைக் கழுவிக்கொண்டிருந்தார். பழுப்பு நீர் மூக்கு வழியாக வழிந்தது. கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டார். குதிரையின் நெற்றியில் வெள்ளை நட்சத்திரம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"குழந்தை காலையிலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கா," என்றார், திரும்பாமல். "சரியாத்தான் சொன்னா, நான்தான் அவளைப் பொய் சொல்றவளாக்கிட்டேன். ஆமோஸ் அவளைக் கூட்டிட்டு ஆத்துப் பக்கம் போயிருக்கான்."

மரத்தடியில் மண் மேடாக இருந்தது. சின்னப் பலகை. கேப்டன். உழைத்தவன். மேட்டைச் சுற்றி யாரோ வெள்ளைக் கூழாங்கல் அடுக்கியிருந்தார்கள். பெஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும்.

"சேணமும் உள்ளதான் இருக்கா?" என்றான் கெல்வே.

ஹாலமின் கை நின்றது. "சேணத்தைத்தான் புடிச்சீங்களா?"

"பூந்தொட்டி உடைஞ்சுது. அவங்க போயிருந்தா உடைஞ்சிருக்காது."

அவர் துணியை வாளியில் போட்டார். "அவ சேணத்துல ஏறிப் பாத்தேன். நசுங்கிப்போயிருந்துச்சு, ஆனாலும் உக்காரலாம். உடம்பு ஒத்துக்கல. விழுந்துருவேன்னு தோணிச்சு. பழகின பக்கத்துக்குத்தான் போச்சு. எந்தப் பக்கம் கால் தொங்குதுன்னு எவன் பாக்கப்போறான்னு நினைச்சேன்." முகத்தைக் கையால் துடைத்தார். பழுப்பு அப்பிக்கொண்டது. "சாவடியைத் தாண்டிச் சதுப்பு நிலத்துல அந்தக் குதிரையைச் சுட்டேன். நடந்து வந்தேன். கேப்டனை வெளியூர்க்காரன்கிட்ட தள்ளிவிட்டேன். சுடத்தான் நினைச்சேன். முடியல. ஒரே நாள்ல எத்தனை சாவு."

"அந்தக் குதிரை என்ன செஞ்சுது?"

"பின்னங்கால்ல நின்னு மல்லாக்க விழுற குதிரைய்யா அது. எனக்குத் தெரியும். பெரிய வீட்டுக்காரர் ஒருத்தர் மகளுக்குக் குதிரை பாக்க வந்தார். காட்ட வேற நல்ல குதிரை இல்ல. கஞ்சியில அபின் கலந்து குடுத்தேன். பூனை மாதிரி நின்னுச்சு. சாதுன்னேன். டார்கஸ் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. எந்தக் குதிரை எப்படின்னு அவகிட்ட எப்பவும் உண்மையைச் சொல்லிருவேன். அன்னிக்குச் சொல்லல. சொன்னா அந்தப் பொண்ணுக்கு விக்க விடமாட்டா."

கேட் கீச்சிட்டது. ரேச்சல் வந்து நின்றாள். பின்னால் டிப்பெட், தொப்பியைக் கையில் பிடித்தபடி. ஹாலம் அவளைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

"விடியுறதுக்கு வெகு முன்னாடி நான் மாடியில முகம் மழிச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஜன்னல் வழியாப் பாத்தேன். லாந்தர் வெளிச்சத்துல அவ அந்தக் குதிரைக்கு அவ சேணத்தைக் கட்டி, ஏறுகல்லு மேல நின்னுக்கிட்டிருந்தா. அந்தப் பொண்ணு ஏறுறதுக்கு முன்னாடி தான் ஒரு தடவை ஏறிப் பாத்துரணும்னு நினைச்சிருக்கா. அபின் எல்லாம் ராத்திரியே எறங்கியிருக்கும். நான் கத்தினேன். அவ நிமிந்து பாத்தா. உண்மையைச் சொல்ல ஒரு மூச்சுதான் ஆகும். யோசிச்சேன், ரேச்சல் அக்கா. சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாளோன்னு யோசிச்சேன். அதுக்குள்ள ஏறிட்டா."

 குதிரை ஈரத் தலையை உதறியது.

"அதைச் சொல்லியிருக்கலாமே," என்றாள் ரேச்சல். குரல் எங்கிருந்தோ வந்தது. "விபத்துன்னு சொல்லிப் புதைச்சிருக்கலாமே. ஓடுகாலின்னு பேர் வாங்கிக் குடுத்தியே. அந்தக் குழந்தை..."

"குழந்தைக்காகத்தான். எப்படிச் செத்தான்னு கேப்பா. சாதுன்னு சொன்னது யாருன்னு கேப்பா. எட்ட இருக்கிறவளை வெறுத்தா எப்படியோ வளந்துருவா. சோறு போடுறவனை வெறுத்தா எங்க போவா? அப்படித்தான் நினைச்சேன். தப்பு. தினமும் அவ கேக்கும்போது தெரிஞ்சுது."

ரேச்சல் மெதுவாக வந்து மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றினாள். வெறும் கையை மண்மேல் வைத்தாள்.

"பெஸ் என்கூட வரா," என்றாள்.

"ஆமா. ஆமோஸ்கிட்ட சொல்லிட்டேன். நான் இவரோட கான்ஸ்டபிள்கிட்ட போறேன்."

"கேப்டனும் வரட்டும். வண்டிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரி."

அவள் நிமிரவில்லை. "கடைசியா என்ன சொன்னா?"

ஹாலம் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மென்மையாகத் தொடங்கினார். "உன்னைத்தான் நினைச்சா, அக்கா. பெஸ்ஸைப் பத்திரமா..."

"வேண்டாம் ஹாலம்," என்றான் கெல்வே.

அவர் திரும்பினார்.

"நானும் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். என் மனைவி சாகுறப்போ 'உங்ககூட வாழ்ந்தது போதும், சந்தோஷம்'னு சொன்னாள்னு அவ அம்மாகிட்ட சொன்னேன். பாதிரியார்கிட்ட சொன்னேன். இதோ, இவன்கிட்டயும் சொன்னேன்." டிப்பெட் தரையைப் பார்த்தான். "அவ சொன்னது, 'ஜன்னல் ஆடிக்கிட்டே இருக்கு, காகிதம் மடிச்சு வைங்க'. நான் மடிச்சு வச்சுட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் நாம செஞ்சது. இவங்களுக்கு உங்களோட வார்த்தை வேணாம். தங்கையோடது வேணும்."

ஆற்றுப் பக்கமிருந்து பெஸ்ஸின் குரல் கேட்டது. ஆமோஸை ஏதோ கேலி செய்துகொண்டிருந்தாள். குதிரை காதைத் திருப்பியது.

ஹாலம் ஏறுகல் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"'டார்கஸ், வேண்டாம், எறங்கு'ன்னு மறுபடி கத்தினேன். அவ சேணத்துல உக்காந்து பாவாடையைச் சரி பண்ணிக்கிட்டே சிரிச்சா. 'ஏன்? சாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?'ன்னா."